மலைக்குக் கிழக்கே இருந்து வரைதல்: திருநெல்வேலிச் சீமையின் அன்றாட வாழ்வை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பில் நாம் எல்லாரும் ஒரே படத்தைத்தான் வரைந்தோம். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே எழும் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் ஓர் ஓலைக் குடிசை, அதன் பக்கத்தில் ஒரு தென்னை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் அந்தப் படத்தை எடுத்து வைத்து ஒரு நிமிடம் யோசித்தால் அதிலுள்ள பிழை தெரிந்துவிடும். நமக்கு மலை மேற்கே இருக்கிறது. பொதிகையின் பின்னால் சூரியன் மறையுமே ஒழிய எழாது; அந்த மலையில் பிறக்கும் தாமிரபரணியோ கிழக்கே ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. காலைக் காட்சி என்று நினைத்து நாம் வரைந்ததெல்லாம் மாலைக் காட்சிதான். கண்ணெதிரே மலை இருக்க, யாரோ சொல்லிக் கொடுத்த மலையை வரைந்து பழகிய கை நம்முடையது. சொந்த ஊரின் அன்றாட வாழ்வை வரைய வருகிறவர் முதலில் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. தூரிகைப் பயிற்சி அதற்குப் பிறகு வருவது.

பள்ளியை விட்ட பின் தூரிகையைத் தொடாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீர்வண்ணத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது தோள்பையில் அடங்கும், பேருந்தில் கொண்டு போகலாம், வரைந்து முடித்த அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாள் கணக்கில் ஆகும். ஈரப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி சந்திப்புக்கு நின்றபடி வந்து பார்த்தால் அந்தக் கஷ்டம் புரியும்.

வாங்க வேண்டியவை

புதிதாகத் தொடங்குகிறவர்கள் விலை உயர்ந்த வண்ணத்தையும் மலிவான தாளையும் வாங்குகிறார்கள். அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான வண்ணக் குழாய்கள் முதல் ஓராண்டுக்குப் போதும், ஆனால் தாள் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, சொரசொரப்பான நீர்வண்ணத் தாளாக இருக்க வேண்டும். சாதாரண வரைபட நோட்டுத் தாள் நீர் பட்டதும் அப்பளம் போல் வளைந்து, பள்ளத்தில் வண்ணத்தைத் தேக்கிவிடும். அதைத் தன் கைக்குறை என்று எண்ணித் தூரிகையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பெரிய தாளை வாங்கி நான்காகவோ எட்டாகவோ வெட்டிக்கொண்டால் செலவு குறையும்.

தூரிகையில் நுனி கூரான 10-ஆம் எண் ஒன்று, 4-ஆம் எண் ஒன்று, ஓர் அங்குலப் பட்டைத் தூரிகை ஒன்று என மூன்று போதும். வண்ணம் ஏழு போதும்: லெமன் மஞ்சள், மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியென்னா, இந்தியன் ரெட், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால், நீலம் மிகுந்த சாம்பலிலிருந்து அடுப்புக்கரி நிறம் வரை எல்லாம் கிடைக்கும். குழாயிலிருந்து நேராக வரும் கறுப்போ நிழலைக் கறையாக்கிவிடும். இவற்றோடு 4பி பென்சில், தாளைப் பிடிக்கும் கிளிப்புகள், ஒரு பழைய துண்டு, இரண்டு தண்ணீர் பாட்டில்கள், வண்ணம் கலக்க ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். குடை கொண்டு போனால் கறுப்புக் குடையாகவே இருக்கட்டும்; நிறக் குடையின் கீழ் உட்கார்ந்தால் குடையின் நிறம் தாளில் விழும், வீட்டுக்கு வந்து பார்த்தால் நாம் கலந்த வண்ணம் ஒன்றும் நாம் நினைத்தது வேறொன்றுமாக இருக்கும்.

ஓர் இடம், பத்து நாள்

இரண்டாவது படி இடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஆனித் தேரோட்டம், செவ்வாய்க்கிழமை கூடும் மேலப்பாளையம் மாட்டுச் சந்தை போன்றவற்றை ஓராண்டுக்குத் தள்ளிவையுங்கள். கூட்டம் கண்ணைக் கவரும், ஆனால் எதையும் இருமுறை காட்டாது. தொடக்கத்தில் வேண்டியது, நடந்து போகும் தூரத்தில் ஒரே செயல் திரும்பத் திரும்ப நடக்கும் ஓர் இடம். தேநீர்க் கடை, வாய்க்கால் மதகு, துணி தேய்ப்பவரின் வண்டி, பத்தமடையில் பாய் நெய்கிற வீடு, காருகுறிச்சியில் சக்கரம் சுற்றும் குயவரின் முற்றம், பீடி சுற்றுகிற திண்ணை என எது கிடைத்தாலும் அதே இடத்துக்குப் பத்து நாள் போக வேண்டும். முதல் நாள் உங்களைப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் உங்கள் தாளைப் பார்ப்பார்கள். ஐந்தாம் நாளுக்கு மேல்தான் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள், நீங்கள் வரைய வந்ததும் அதைத்தான்.

அனுமதி கேட்பது இந்தப் படியிலேயே வருகிறது. "ஆச்சி, இங்கன ஓரமா இருந்து படம் வரைஞ்சுகிடட்டுமா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. மறுத்தால் எழுந்துவிட வேண்டும். படித்துறையில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் வரைபலகையையோ அலைபேசியையோ எடுக்கவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம், ஆனால் கண்ட அனுபவத்தால் சொல்கிறேன். வரைந்ததைக் காட்டாமல் மூடி எடுத்துக்கொண்டு போவதும் மரியாதைக் குறைவு. கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆச்சி என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எய்யா, என் மூக்கு இம்புட்டு நீளமாவா இருக்கு?" என்று கேட்டார். அளந்து பார்த்தேன், நீளமாகத்தான் போட்டிருந்தேன்.

அதே படத்தில் அவருடைய ஊதா நிற நெகிழிக் குடத்தைப் பித்தளைக் குடமாக மாற்றி வரைந்திருந்தேன். "பித்தளைக் குடமா இருந்தா எம் மவன் என்னைக்கோ வித்திருப்பான்" என்றார். அன்றிலிருந்து குடத்தை மாற்றுவதில்லை. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்க வரும் மைனி, வேலிக்கம்பியில் காயும் பள்ளிச் சீருடை, திண்ணையில் சாய்த்து வைத்த மோட்டார் சைக்கிள், சுவரோரம் செருகிய அலைபேசிச் சார்ஜர் ஆகியவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எந்த ஊரிலும் இல்லாத ஒரு கிராமம். நமது பார்வையில் காலண்டர்ப் படங்கள் படிந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) முதலியோர் தீட்டிய தெய்வப் படங்கள் அச்சாகி வீடு வீடாகத் தொங்கின. அவை தெய்வங்களுக்கு உரிய பொலிவோடு செய்யப்பட்டவை. அந்தப் பொலிவை வாய்க்காலில் பாத்திரம் துலக்குகிறவர் மேல் பூசுவதில்தான் சிக்கல். வீட்டின் உட்புறத்தை வரையும்போது அந்தக் காலண்டரையும் அது மாட்டியிருக்கும் ஆணியையும் சேர்த்து வரையுங்கள். பட்டாசல் என்னும் கூடத்தின் சுவரில் அது உண்மையிலேயே இருக்கிறது.

எந்த மாதம், எந்த நேரம்

திருநெல்வேலிச் சீமையில் வேலையின் முகம் மாதத்துக்கு மாதம் மாறும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரு நெற்பருவங்கள். தென்மேற்குப் பருவக்காற்றால் ஆற்றில் தண்ணீர் பெருகும் ஆனியை ஒட்டிக் காரும், வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் பிசானமும் வயலுக்கு வரும். பங்குனி, சித்திரையில் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுப் பக்கம் பனையேற்றமும் பதநீர் காய்ச்சுவதும் மும்முரமாக இருக்கும். மார்கழியில் குயவர்கள் பொங்கல் பானைகளை வரிசை வரிசையாக வெயிலில் காய வைப்பார்கள். உவரி, இடிந்தகரைப் பக்கம் போனால் கடற்கரையில் வலை பின்னுவதும் பிரிப்பதும் கிடைக்கும். மீன் வந்திறங்கும் நேரத்தில் மட்டும் யாருடைய வழியிலும் நிற்காமல் ஒதுங்கி இருக்க வேண்டும்.

காற்றும் ஈரமும் வண்ணத்தை ஆளும். ஆனி, ஆடிக் காற்றில் தூரிகையைத் திருப்புவதற்குள் பூச்சு காய்ந்துவிடும்; அப்போது சிறு தாளில் வரைவதும், தாளை இருபுறமும் முன்கூட்டியே நனைத்துக்கொள்வதும் உதவும். ஐப்பசி, கார்த்திகையிலோ ஒரு பூச்சு காயவே நெடுநேரமாகும், பொறுக்காமல் அதன் மேல் இரண்டாவதை வைத்தால் ஓரங்களில் காலிஃபிளவர் போன்ற கறை பரவும். அந்தக் கறையைத் தேய்த்து நீக்கப் போகாதீர்கள். வானத்தில் விழுந்தால் அது மேகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிற நாட்டு ஓவியப் பாடங்கள் நமக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். திருநெல்வேலி நகரம் வடக்கே சுமார் 8.7 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டியும் ஆவணியின் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர்தலைக்கு மேல் நிற்கும்; நட்டு வைத்த கம்புக்கு நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். மற்ற மாதங்களிலும் பத்து மணிக்கு மேல் முகத்தில் கண்ணும் கன்னமும் குழியாகி, சுவர்கள் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். வரைவதற்கு உகந்தது காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரையும் மாலை நாலரையிலிருந்து இருட்டுவது வரையுமான பொழுது. காலையில் கிழக்கு ஒளி பொதிகையின் நெஞ்சில் விழுவதால் மலையின் மடிப்பு, காடு, பாறை எல்லாம் தெரியும். மாலையில் அதே மலை வெறும் நீலத் தகடாக நிற்கும், பல சமயம் அதன் மேல் மேகம் உட்கார்ந்திருக்கும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து ஊர்களில் மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடுவதால் அங்கே மாலை வேலையை அரை மணி முன்னதாகத் தொடங்குங்கள். உச்சிவெயிலில் வரைந்தே தீர வேண்டுமென்றால் வீட்டுக்குள் போய்விடலாம்: தார்சா என்னும் தாழ்வாரத்தின் நிழலில் உட்கார்ந்திருப்பவர் மேல் முற்றத்துத் தரையிலிருந்து எழும்பி வரும் ஒளி கீழிருந்து விழும், தாடையின் அடிப்பகுதி கன்னத்தைவிட வெளிச்சமாகத் தெரியும்.

அசையும் உடம்பைப் பிடித்தல்

வண்ணத்தைத் தொடுவதற்கு முன் பத்து நாளில் நான்கு நாளாவது பென்சிலோடு மட்டும் போக வேண்டும். ஓர் உருவத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த அரை நிமிடத்தில் முகம், விரல், சேலைக் கரை எதுவும் வேண்டாம். எடை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் ஒரு கோடாக வாங்குங்கள். இடுப்பில் குடம் ஏறினால் எதிர்ப்பக்க இடுப்பு உள்வாங்கும், எதிர்க்கை வெளியே நீளும், தலை குடத்தை விட்டு விலகிச் சாயும். குடத்தை மட்டும் வரைந்து உடம்பை நேராக நிறுத்தினால் அது வெற்றுக் குடமாகத்தான் தெரியும்.

வேலையின் கட்டங்களைத் தெரிந்துகொண்டு வரைகிறவருக்கு அசைவு ஒரு தொல்லையாக இருக்காது, ஏனெனில் எந்த நிலை திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். பீடி சுற்றுகிறவரைப் பாருங்கள். மடியில் தட்டு, தட்டில் தூளும், அளவு வைத்து வெட்டிய இலையும். இலையை எடுப்பது, தூளை இட்டு உருட்டுவது, நுனியை மடக்குவது, நூலைச் சுற்றுவது என நான்கு நிலைகள் நொடிக்கணக்கில் மாறி மாறி வரும், ஆனால் முதுகும் கழுத்தும் மணிக்கணக்கில் அசையாது. ஆகவே முதுகின் வளைவை முதலில் நிதானமாக வரைந்துவிட்டு, கைகளுக்காகக் காத்திருந்து, நான்கு நிலைகளில் ஒன்றை மட்டும் அது வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பலாம். பத்தமடையில் பாய் நெய்வதும் அப்படித்தான்; பாவு நூல்களுக்கிடையே கோரையை நுழைப்பதும் அடித்து நெருக்குவதும் மாறி மாறி வரும், நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். ஆற்றங்கரைக் கோரையை வகுந்து, ஓடும் நீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, காய வைத்து, சாயமேற்றிய பின்தான் அது தறிக்கு வருகிறது என்பதை அறிந்துகொண்டால், நெய்யும் காட்சி ஒன்றுக்குப் பதில் ஐந்து படங்கள் உங்கள் முன் இருக்கும்.

பனையேறுகிறவரை வரைவதற்குத் தாளை நெடுக்காக நிறுத்துங்கள். இங்கே கருவிகளைத் தெரியாமல் வரைந்தால் ஊரார் உடனே சிரித்துவிடுவார்கள். பாதங்களைப் பிணைக்கும் தளைநார், இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டி, அடிமரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயம் ஆகியவற்றைக் கீழே இறங்கியபின் கேட்டு, கையில் வாங்கிப் பார்த்து, தனித்தனியாக வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு பதநீரைப் புளிக்க விடாது. அதில்லாவிட்டால் அது கள்ளாகிவிடும். கலயத்தின் வாயோரத்தில் படிந்திருக்கும் அந்த வெள்ளையைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டால் பார்ப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும். பனை ஓலையை மடித்த பட்டையில் அவர் ஊற்றிக் கொடுக்கும் பதநீரைக் குடிக்காமல் வரக்கூடாது என்பது ஓவிய விதி அல்ல, என்றாலும் நான் மீறியதில்லை.

அமைப்பும் கண்மட்டமும்

பெரிய தாளில் இறங்குவதற்கு முன் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் காட்சியை வெளிச்சம், நடுநிறம், இருட்டு என்ற மூன்றே அடர்த்திகளில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். தீப்பெட்டி அளவில் எது எதுவென்று புரியாத காட்சி, பெரிய தாளிலும் புரியாது.

தொலைவுக் கணக்கில் புதியவருக்கு ஒரே ஒரு விதி போதும். சமதரையில் நீங்கள் நின்று பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லாருடைய கண்களும், பக்கத்தில் இருப்பவராயினும் தெருக்கோடியில் இருப்பவராயினும், அடிவான மட்டத்திலேயே வரும். கால்கள்தான் மேலும் கீழும் போகும். நீங்கள் தரையில் உட்கார்ந்துவிட்டால் அந்த மட்டம் நிற்பவர்களின் இடுப்புக்கு இறங்கிவிடும். நெல்லையப்பர் கோயிலின் ரத வீதியில் நின்று ஒருமுறையும் உட்கார்ந்து ஒருமுறையும் வரைந்தால் இது கைக்கு வந்துவிடும். அடுத்த பயிற்சிக்குச் சுலோசன முதலியார் பாலத்தைச் சொல்வேன். 1843-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் கமான் வளைவுகள் ஆற்றிலிருந்து பார்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகிக்கொண்டே போகும். அடியில் துணி துவைப்பவரும் மேலே போகும் பேருந்தும் ஒரே தாளில் அளவு பிசகாமல் அமைந்துவிட்டால் உங்களுக்குத் தொலைவு பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

ஒரு படத்தை முழுவதும் தீட்டிப் பார்ப்போம்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கார்த்திகை மாதத்துக் காலை ஏழு மணி. பிசான நடவு நடக்கிறது. பின்னால் பொதிகை, நடுவில் நீர் நிற்கும் வயல், அதில் குனிந்து நடும் ஐந்து பெண்கள், முன்னால் வரப்பில் நாற்று முடிகள். மழை ஓய்ந்த நேரம்.

பென்சிலால் மலையின் விளிம்பு, வரப்பின் கோடு, ஐந்து உருவங்களின் முதுகு ஆகியவற்றை மட்டும் மெலிதாக இழுங்கள். இங்கே ஒரு கவனம் வேண்டும். நடுகிறவர்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்டு முடித்த பச்சை அவர்கள் முகத்துக்கு முன்னால் இருக்கும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் வெறுஞ்சேறும் நீரும். இதை மாற்றி வரைந்த படங்கள் ஏராளம். வயலில் கால் வைத்த ஒருவர் பார்த்தால் அந்தப் பெண்கள் நட்ட நாற்றைத் தாங்களே மிதித்துக்கொண்டு போவதாகத் தெரியும். சேலைக்கு மேல் அவர்கள் போட்டிருக்கும் ஆண்கள் சட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

முதற்பூச்சில் தாளின் மேல் பாதியை நனைத்து, அல்ட்ராமரைனில் துளி பர்ன்ட் சியென்னா கலந்த மங்கலான மேகத்தை விடுங்கள். அதே நீரை, சற்று மஞ்சள் ஓக்கர் சேர்த்து, வயல்நீரிலும் ஓட்டுங்கள். நீர் வானத்தின் பிம்பம் என்பதால் இரண்டும் ஒரே கலவையிலிருந்து வர வேண்டும், நீர் மட்டும் ஒரு பங்கு அடர்த்தியாக இருக்கலாம். பெண்களின் முதுகில் வெளிச்சம் விழும் இடங்களில் தாளைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான், பிறகு போய்த் தேடினால் கிடைக்காது. பூச்சு காயும்போது வெளுத்துப் போகும் என்பதையும் மனத்தில் வைத்து, கண்ணுக்குச் சற்று அதிகமாகவே தெரியும்படி வையுங்கள்.

முழுக்கக் காய்ந்தபின் மலை. புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அல்ட்ராமரைனும் சிறிது அலிசரினும் கலந்து மலையின் மேல்விளிம்பைக் கூராக இழுத்து, கீழ்விளிம்பை வெறும் நீரால் கரைத்துவிட்டால் அடிவாரத்துப் பனி தானாக வந்துவிடும். காலை ஒளி மலையின் நெஞ்சில் விழுவதால் அங்கங்கே மஞ்சள் ஓக்கரைத் தொட்டு ஈரத்திலேயே விடலாம்.

பச்சையில்தான் பலர் வழுக்குகிறார்கள். புதிதாக நட்ட நாற்று லெமன் மஞ்சளில் பிரஷ்யன் நீலம் ஒரு துளி கலந்தது. வரப்புப் புல் அதைவிட மங்கலாக, ஓக்கரும் அல்ட்ராமரைனும் கலந்தது. தொலைவில் இருக்கும் தென்னந்தோப்பு கிட்டத்தட்ட நீலம். மூன்றுக்கும் ஒரே பச்சைக் குழாயைப் பிதுக்கினால் மலையடிவாரமே விளையாட்டு மைதானம் ஆகிவிடும். நாற்றை ஒவ்வொன்றாக எண்ணி வரையாதீர்கள். அருகில் உள்ள இரண்டு வரிசையை மட்டும் தூரிகை நுனியால் கீழிருந்து மேலாக உதறி இழுத்து, மற்றவற்றைப் புள்ளியாக விட்டுவிடலாம்.

கடைசியாக மனிதர்கள். தோலுக்கு பர்ன்ட் சியென்னாவும் அல்ட்ராமரைனும், கொஞ்சம் அலிசரின். அடர்த்தியாகவே வையுங்கள். வெயிலில் நிற்கும் உழைப்பாளியின் தோளை வெளிர் ரோஜா நிறத்தில் தீட்டுவது நம் அச்சுப் படங்கள் பரப்பிய நோய். கறுத்த தோளின் மேற்பரப்பில் வானத்தின் நீலம் மினுங்கும். அந்த இடத்தை மட்டும் ஈரத்தூரிகையால் ஒற்றி எடுத்து, மெலிந்த நீலத்தை வைத்தால் உடம்பு திரண்டு நிற்கும். முகங்கள் குனிந்திருப்பதால் அவற்றை வரைய வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் அடியிலும் நீரில் விழும் பிம்பத்தை, சட்டையின் நிறத்திலேயே சற்று மங்கலாக, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்து, குறுக்கே ஒரு மெல்லிய கோட்டால் வெட்டிவிடுங்கள். இதற்குள் ஒரு மணி நேரமாகியிருக்கும், பெண்களும் மூன்று வரிசை தள்ளிப் போயிருப்பார்கள். அங்கே நிறுத்திவிட வேண்டும். வீட்டில் வைத்து இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று எடுத்துப் போன படங்களில் பாதிக்கு மேல் எனக்குக் கெட்டுத்தான் போயிருக்கின்றன.

மண்ணின் நிறம்

இந்தச் சீமையில் மண் மாறினால் நிழலும் மாறும். தேரியின் செம்மணலில் நிற்பவரின் வெள்ளை வேட்டியில், நிழல் பட்ட பகுதி நீலமாக இல்லாமல் செங்காவியாகத் தெரியும். மணல் தன் நிறத்தைத் திருப்பி வீசுகிறது. அங்கே பர்ன்ட் சியென்னாவோடு இந்தியன் ரெட்டைக் கலக்க வேண்டியிருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் அதே வேட்டி குளிர்ந்த சாம்பலாகும். சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நின்றாலோ நிழலுக்குள்ளும் வெளிச்சம் நிறைந்திருக்கும்.

பார்த்துக் கற்க

ஊரிலேயே பழைய ஆசான்கள் இருக்கிறார்கள். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலச் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் உள்ளன. புராணக் கதைகளோடு, கப்பலில் குதிரைகள் வந்திறங்குவதையும் அங்கே வரைந்திருக்கிறார்கள். கண்ணால் கண்ட அன்றாடத்தைச் சாமி கதைக்குப் பக்கத்தில் அஞ்சாமல் வைத்தவர்கள் அவர்கள். உள்ளே போக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். குற்றாலத்துச் சித்திரசபையையும் பார்க்கலாம். கூட்டம் மிகுந்த சாரல் காலத்தைத் தவிர்த்துப் போனால் சுவர் முன் நிதானமாக நிற்க முடியும். பிளாஷ் ஒளி வேண்டாம். படம் பிடிப்பதைவிட, ஓர் உருவத்தின் கையை மட்டும் பென்சிலால் பார்த்து வரைவது பத்து மடங்கு பயன் தரும்.

வரைந்தபின்

ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் ஊர், தமிழ் மாதம், தேதி, மணி, நடந்த வேலையின் பெயர் ஆகியவற்றை அன்றே பென்சிலால் எழுதிவிடுங்கள். வேலைக்காரர் சொன்ன கருவிப் பெயர்களையும் சேர்த்து எழுதலாம்; சுளகு, கடவம், தளைநார் என்று அவர்கள் வாயில் வந்தது எதுவோ அதுவே. மழைக்காலத்தில் தாளில் பூஞ்சை பிடிக்கும், எனவே சுருட்டி வைக்காமல் அட்டைகளுக்கிடையே தட்டையாக, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். அலிசரின் கிரிம்சன் வெயிலில் வெளுத்துப் போகும் வண்ணம். சட்டமிட்ட படத்தை வெயில் விழும் சுவரில் மாட்டக் கூடாது, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே அட்டைச் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். நல்லதாக வந்த படத்தை நகலெடுத்து, படத்தில் இருப்பவருக்குக் கொண்டு போய்க் கொடுங்கள். கல்லிடைக்குறிச்சி ஆச்சிக்கு நான் கொடுத்த இரண்டாவது படத்தில் மூக்கு சரியாக இருந்தது, ஊதாக் குடமும் இருந்தது. அதை அவர் அடுக்களைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார், குடத்துக்கு நேர் மேலே.